ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தில் ஓராண்டு ஊழியம்: வட சென்னைத் தம்பதிகளுக்கு ஒரு வழிகாட்டி

பெரம்பூர், அயனாவரம், வியாசர்பாடி, ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கமிருந்து சபை மூலமாக வெளிநாட்டு ஊழியத்துக்குப் போக நினைக்கும் மூத்த தம்பதிகளுக்காக இதை எழுதுகிறேன். என் வீட்டுக்காரர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பள்ளி ஆசிரியையாக இருந்தவள். வட இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்துச் சபையில் சம்பளமில்லா ஊழியர்களாக ஓராண்டு இருந்துவிட்டு வந்தோம். அழைப்புக் கடிதம் வந்ததும் ஜெபித்தோம், சந்தோஷப்பட்டோம். அதற்கு அடுத்த வாரமே காகிதங்களுக்காக அலையத் தொடங்கினோம். யாரிடம் கேட்டாலும் பாதி பதில்தான் கிடைத்தது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை மனதில் வையுங்கள். கிளம்ப நினைக்கும் மாதத்துக்கு எட்டு மாதம் முன்பே ஆரம்பியுங்கள், வரிசை மாறாமல் செய்யுங்கள்: பெயர், பாஸ்போர்ட், ஸ்பான்சர் (உங்களை அழைத்துப் பொறுப்பேற்கும் சபை), நெஞ்சு எக்ஸ்ரே, விசா. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் கூட்ஸ் வண்டி நின்றால் பின்னால் வருகிற எல்லாமே நிற்கும் இல்லையா, அதுபோல இதில் ஒரு காகிதம் நின்றால் மீதி அத்தனையும் நிற்கும். கட்டணங்கள் நான் எழுதும் நேரத்தில் உள்ளவை. இங்கிலாந்து அரசு பெரும்பாலும் ஏப்ரலில் அவற்றை மாற்றும் என்பதால், பணம் கட்டுமுன் அரசு இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

1. எந்த விசா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

"விசிட் விசாவில் போய்விடுங்கள், ஆறு மாதம் இருக்கலாம், யார் கேட்கப்போகிறார்கள்" என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கேட்காதீர்கள். சுற்றுலா விசாவில் போனவர் பதிவு பெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தமாக 30 நாள்வரை மட்டுமே தன்னார்வ வேலை செய்யலாம். அதற்கு மேல் செய்தால் உங்களுக்கும் ஆபத்து, உங்களை அழைத்த சபைக்கும் ஆபத்து. கர்த்தருடைய வேலைக்குப் போகிறவர்கள் விமான நிலையத்தில் பொய் சொல்லிக்கொண்டு போகக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

சரியான வழிகள் இரண்டு. உணவு வங்கி, முதியோர் உதவி, வீட்டுச் சந்திப்பு போன்ற சம்பளமில்லாத தொண்டு வேலைக்கு சாரிட்டி ஒர்க்கர் விசா, அதிகபட்சம் 12 மாதம். போதகப் பொறுப்பு அல்லாத சமய வேலை என்றால் ரிலிஜியஸ் ஒர்க்கர் விசா, 24 மாதம்வரை. இரண்டுக்கும் ஆங்கிலத் தேர்வு கிடையாது. இரண்டிலும் நிரந்தரமாகத் தங்க வழி இல்லை, அந்த நினைப்பு இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அழைக்கும் சபை இங்கிலாந்து உள்துறை அமைச்சகத்தின் உரிமம் பெற்ற ஸ்பான்சராக இருக்க வேண்டும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் அரசு இணையதளத்தில் பொதுவில் இருக்கிறது. சபையின் பெயரோ, அது சேர்ந்திருக்கும் பேராயத்தின் பெயரோ அதில் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். லெட்டர்ஹெட்டில் அழகாக அச்சடித்த அழைப்புக் கடிதம் மட்டும் வைத்து விசா வாங்க முடியாது. ஸ்பான்சர் தருகிற சான்று எண்தான் (சர்டிஃபிகேட் ஆஃப் ஸ்பான்சர்ஷிப்) முக்கியம்.

இருவருக்கும் தனித்தனிச் சான்று எண் கேளுங்கள். ஒருவருக்கு மட்டும் கொடுத்தால் மற்றவர் துணைவராக விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அப்போது திருமணச் சான்று கட்டாயம்.

2. பெயரையும் திருமணச் சான்றையும் ஒழுங்கு செய்யுங்கள்

நம் தலைமுறைக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒரே ஆளுக்குப் பல பெயர் இருக்கும். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் ஒன்று, பென்ஷன் புத்தகத்தில் ஒன்று. போதாததற்கு இனிஷியல். ஆதாரில் ஓர் எழுத்தாக இருக்கும் இனிஷியல் பாஸ்போர்ட்டில் முழுப்பெயராக விரிய வேண்டும். பெண்களுக்குத் திருமணத்துக்கு முன் அப்பா இனிஷியல், பின் கணவர் இனிஷியல். கணினிக்கு அவர்கள் இரண்டு பேர்.

எல்லாக் காகிதத்தையும் ஒரு மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் ஒரு தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எது மாறியிருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். முதலில் ஆதாரைத் திருத்துங்கள், அப்புறம் வங்கி, பென்ஷன், கடைசியில் பாஸ்போர்ட். சிறு வித்தியாசத்துக்கு இரண்டு பெயரும் ஒருவரே என்று நோட்டரி முன் கையெழுத்திட்ட உறுதிமொழிப் பத்திரம் உதவும். பெயரே வேறாக இருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டிவரும், அதற்கு மாதக் கணக்கில் நேரம் ஒதுக்குங்கள்.

சபையில் நடந்த திருமணத்துக்கு, போதகர் வெள்ளைத்தாளில் எழுதித் தரும் கடிதம் போதாது. 1872ஆம் ஆண்டுக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி வைத்திருக்கும் பதிவேட்டிலிருந்து, வரிசை எண்ணோடு, முத்திரையோடு எடுத்த நகல் வேண்டும். சபையின் பழைய பதிவேடு மழையில் நனைந்தோ கரையான் அரித்தோ போயிருந்தால் கலங்க வேண்டாம். சபையிலிருந்து அந்தக் காலத்திலேயே அனுப்பிய நகல் பதிவுத்துறையிடம் இருக்க வேண்டும், அங்கே விண்ணப்பியுங்கள். தமிழில் உள்ள எந்தக் காகிதத்துக்கும் தகுதியுள்ள மொழிபெயர்ப்பாளரின் கையெழுத்து, தேதி, முகவரியோடு ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும்.

3. பாஸ்போர்ட்டும் காவல்துறைச் சான்றும்

வட சென்னையில் பாஸ்போர்ட் சேவை மையம் இல்லை. நமக்குப் பக்கம் அமைந்தகரை. அங்கே நேரம் கிடைக்காவிட்டால் சாலிகிராமம் அல்லது தாம்பரம். 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். முதல்முறை எடுக்கும் மூத்த குடிமக்களுக்கு 10 சதவீதம் தள்ளுபடி உண்டு, புதுப்பிப்பவர்களுக்குக் கிடையாது. பாஸ்போர்ட் இணையதளத்திலேயே காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கும் விண்ணப்பிக்கலாம், ஆளுக்கு 500 ரூபாய்.

இந்த நன்னடத்தைச் சான்றை விசாவுக்குக் கேட்காமல் போகலாம், ஆனால் சபை கேட்கும். குழந்தைகளோடும் முதியவர்களோடும் பழகப் போகிறவர்களின் பின்னணியை அங்கே கட்டாயம் பார்ப்பார்கள். அவர்கள் நாட்டுச் சோதனையில் நம் ஊர் விவரம் வராது என்பதால் இங்கிருந்து சான்று கேட்பார்கள். வாடகை வீடு மாறியிருந்தால் காவல் நிலைய விசாரணை பழைய முகவரிக்குப் போய்விடும். ஆதார் முகவரியை முன்னாலேயே மாற்றிக்கொள்ளுங்கள்.

4. காசநோய்ச் சோதனை: நேரம் பார்த்துச் செய்யுங்கள்

இந்தியாவிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கப் போகிறவர்கள் காசநோய் இல்லை என்ற சான்று கொடுக்க வேண்டும். எந்த ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயும் செல்லாது. இங்கிலாந்து அரசு அங்கீகரித்த மையத்தில்தான் எடுக்க வேண்டும், சென்னையில் வசதி இருக்கிறது. சான்று ஆறு மாதம் செல்லும்.

நம் பக்கத்து ஆட்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். இளவயதில் காசநோய் வந்து மாத்திரை சாப்பிட்டுக் குணமானவர்கள் நம்மிடையே நிறைய. ஒர்க்‌ஷாப் தூசியிலும் வெல்டிங் புகையிலும் முப்பது வருடம் நின்றவர்களின் நுரையீரலும் எக்ஸ்ரேயில் சுத்தமாகத் தெரியாது. படத்தில் தழும்போ நிழலோ தெரிந்தால் சளிப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள், அதன் முடிவு வர எட்டு வாரம்வரை ஆகலாம். பழைய சிகிச்சைச் சீட்டு, பழைய எக்ஸ்ரே எது இருந்தாலும் எடுத்துப் போங்கள். ஒளிக்க வேண்டாம். விண்ணப்பிக்கும் தேதிக்கு மூன்று நான்கு மாதம் முன்பு இந்தச் சோதனையை வைத்துக்கொண்டால், சளிப் பரிசோதனைக்குப் போனாலும் சமாளிக்கலாம், சான்றும் காலாவதி ஆகாது.

ஒரு பக்கக் குறிப்பு: கென்யா, நைஜீரியா, கானா போன்ற நாடுகளுக்கு ஊழியம் போகிறவர்களுக்கு இந்தச் சோதனைக்குப் பதில் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிதான் பெரிய விஷயம். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுவார்கள். போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அறுபதைத் தாண்டியவர்களுக்குப் பக்கவிளைவு வாய்ப்பு அதிகம் என்பதால் முதலில் உங்கள் டாக்டரிடம் பேசுங்கள். ஊசிச் சான்று இல்லாமல் அங்கிருந்து திரும்பி வந்தால் நம் விமான நிலையத்திலேயே தனிமையில் வைப்பார்கள்.

5. விசா விண்ணப்பமும் உண்மையான செலவும்

ஊழியம் தொடங்கும் தேதிக்கு மூன்று மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கைரேகை கொடுத்த பிறகு முடிவு வழக்கமாக மூன்று வாரத்தில் வரும். விசாக் கட்டணம் ஆளுக்கு 300 பவுண்டுக்குச் சற்று மேல். பலர் கணக்கில் சேர்க்காமல் விடுவது மருத்துவக் கூடுதல் கட்டணம்: ஆளுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, இருவருக்கும் 2,070 பவுண்டு. விண்ணப்பிக்கும்போதே மொத்தமாகக் கட்ட வேண்டும். விசாவும் இதுவும் சேர்ந்தால் நம் பணத்தில் மூன்று லட்சம் ரூபாயை ஒட்டி வரும். விமானக் கட்டணம் தனி.

இந்தப் பணத்தை யார் கட்டுவது என்று ஆரம்பத்திலேயே எழுத்தில் கேளுங்கள். நம் ஆட்களுக்குப் போதகரிடமோ வெள்ளைக்காரச் சபையிடமோ பணம் பற்றிக் கேட்கக் கூச்சம். ஆனால் வீடு யாருடையது, ஹீட்டர் பில் யார் கட்டுவது, டிக்கெட் யார் எடுப்பது, அவசரத்துக்கு ஊர் திரும்ப வேண்டியிருந்தால் செலவு யாருடையது, இந்த நான்கையும் மின்னஞ்சலில் கேட்டுப் பதில் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். கேட்டதற்காக யாரும் தவறாக நினைக்கவில்லை, அவர்களுக்கு அப்படிக் கேட்பதுதான் வழக்கம்.

கையிருப்பு: ஆளுக்கு 1,270 பவுண்டுக்குச் சமமான பணம் வங்கியில் தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். ஸ்பான்சர் பொறுப்பேற்றுக்கொண்டால் இது தேவையில்லை. யாரிடமாவது கைமாற்று வாங்கி ஒரு வாரம் கணக்கில் காட்டுவது செல்லாது.

இப்போது விசாவுக்கு அட்டை கிடையாது, இ-விசா. அதன் கணக்கைத் திறக்க உங்கள் மின்னஞ்சலும் போன் எண்ணும் வேண்டும். ஏஜெண்டின் மின்னஞ்சலைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஓராண்டு முழுக்க உங்கள் அடையாளம் அதில்தான் இருக்கும்.

6. பென்ஷன் நிற்காமல் இருக்க

எங்கள் வீட்டில் இரண்டு பென்ஷன், இரண்டு சட்டம். ரயில்வே உள்ளிட்ட மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் வாழ்நாள் சான்று தர வேண்டும். 80 வயதைத் தாண்டியவர்கள் அக்டோபரிலேயே தரலாம். வருங்கால வைப்புநிதி பென்ஷன் வாங்குபவர்கள் எந்த மாதமும் தரலாம், தந்த தேதியிலிருந்து ஓராண்டு செல்லும். மாநில அரசு ஓய்வூதியர்களுக்கு நேர்காணல் மாதம் வேறு, கருவூலத்தில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் சான்று கொடுத்துவிட்டுக் கிளம்புவதுபோல் பயணத்தை அமைக்க முடிந்தால் மிக நல்லது. முடியாவிட்டால் லண்டன் இந்தியத் தூதரகத்திலோ, நீங்கள் இருக்கும் பகுதிக்கான துணைத் தூதரகத்திலோ வாழ்நாள் சான்றில் கையெழுத்து வாங்கலாம். பென்ஷன் ஆணையின் நகலும் வங்கியின் படிவமும் பெட்டியில் இருக்கட்டும். வருமான வரி விஷயம் கிளம்பும் மாதத்தைப் பொறுத்து மாறும். வட்டியில் வரி பிடிக்காமலிருக்க வங்கியில் 15எச் படிவம் கொடுப்பவர்கள் போகுமுன் ஆடிட்டரைப் பாருங்கள்.

வங்கி ஓடிபி வரும் சிம்மை உயிரோடு வைத்திருப்பது இதைவிட முக்கியம். வெளிநாட்டு ரோமிங்கை இங்கேயே இயக்கி, வேறொரு நாட்டில் குறுஞ்செய்தி வருமா என்று நிறுவனத்திடம் உறுதி செய்யுங்கள். ரீசார்ஜ் செய்யும் பொறுப்பைப் பிள்ளைகளில் ஒருவரிடம் பெயர் சொல்லி ஒப்படையுங்கள். எண் பறிபோனால் ஆதார், வங்கி, இ-விசா மூன்றும் ஒரே நாளில் கையை விட்டுப் போகும்.

7. வீட்டை விட்டுப் போவது

வட சென்னை வீட்டை ஐப்பசி கார்த்திகையில் பூட்டிப்போடுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். தண்ணீர் ஏறும் தெருவாக இருந்தால் தரைத்தளத்தில் எதையும் வைக்காதீர்கள். பத்திரங்கள், சான்றிதழ்கள் மாடியில் அல்லது வங்கி லாக்கரில். மொட்டைமாடி வடிகாலைச் செப்டம்பரில் சுத்தம் செய்ய ஆள் சொல்லிவிடுங்கள். வடிகால் அடைத்தால் மேலிருந்தும் தண்ணீர் வரும்.

மாநகராட்சிச் சொத்துவரி, குடிநீர் வரி அரையாண்டுக்கு ஒருமுறை, மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. சொத்துவரியை ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 சதவீதம் சலுகை உண்டு. வாடகைக்கு விடுவதானால் 11 மாத ஒப்பந்தம் போடுங்கள். வாடகை வசூல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும் நம்பிக்கையான ஒருவருக்குச் சிறப்பு அதிகாரப் பத்திரம் கொடுங்கள். விற்கவும் அடமானம் வைக்கவும் இடம் தரும் பொது அதிகாரப் பத்திரத்தை, சொந்தத் தம்பியானாலும், கொடுக்காதீர்கள்.

8. மருந்தும் பெட்டியும்

பல் வேலை, கண் வேலை எல்லாவற்றையும் இங்கேயே முடித்துவிடுங்கள். அங்கே அரசுத் திட்டத்தில் பல் மருத்துவர் கிடைப்பது மிகக் கடினம், தனியாரிடம் போனால் பென்ஷன் தாங்காது. சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் நாம் சாப்பிடும் பல கூட்டு மாத்திரைகள் அங்கே அதே கலவையில் கிடைக்காது. டாக்டரிடம் மருந்தின் வேதிப்பெயரையும் அளவையும் தனித்தனியாக, ஆங்கிலத்தில், தட்டச்சு செய்த கடிதமாக வாங்குங்கள். மூன்று மாத மருந்தைக் கைப்பையில் எடுத்துப் போங்கள். இன்சுலினைக் கார்கோ பெட்டியில் வைக்கவே கூடாது, உறைந்து கெடும்.

நெய், பால்கோவா, இறைச்சி ஊறுகாய் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் வேண்டாம். சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, காய்ந்த மிளகாய் தாராளமாக. குளிர் உடுப்பை இங்கே வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள். ஒரு நல்ல ஸ்வெட்டரோடு போங்கள். அங்கே தொண்டு நிறுவனக் கடைகளில் கெட்டியான கோட்டு மலிவாகக் கிடைக்கும்.

9. போய் இறங்கிய பிறகு

முதல் வாரத்திலேயே பக்கத்து குடும்ப மருத்துவரிடம் பெயர் பதியுங்கள். இங்கிலாந்தில் அறுபது வயதானவர்களுக்கு மருந்துச்சீட்டு மருந்தும் கண் பரிசோதனையும் இலவசம். டாக்டரைப் பார்க்க முன்பதிவு வேண்டும், நம் ஊர்போல் டோக்கன் வாங்கி உட்கார முடியாது. இரவில் சந்தேகம் வந்தால் 111, உயிர் ஆபத்து என்றால் 999.

அங்கே வாழ்க்கை டைரியில் நடக்கிறது. ஒரு பாட்டியைப் பார்க்கப் போகவும் முதல் நாளே போன் செய்ய வேண்டும். எங்களுக்குச் செவ்வாய் உணவு வங்கி, புதன் முதியோர் மதிய உணவு, வெள்ளி வீட்டுச் சந்திப்பு, ஞாயிறு ஆராதனையும் அதற்குப்பின் தேநீரும். வேலையில் பெரும்பகுதி கோப்பை கழுவுவதும், நாற்காலி அடுக்குவதும், கேட்பாரில்லாதவர்கள் பேசுவதைக் கேட்பதும்தான். ஊழியம் என்றால் மேடையும் மைக்கும் என்று நினைத்துப் போகிறவர்கள் முதல் மாதத்திலேயே சோர்ந்துவிடுவார்கள். கோப்பை கழுவும் இடத்தில்தான் ஆட்கள் நம்மிடம் மனம் திறக்கிறார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

குழந்தைகள் விஷயத்தில் நம் பழக்கத்தை மாற்றியே ஆக வேண்டும். கன்னத்தைக் கிள்ளுவது, மடியில் தூக்கி வைப்பது, பெற்றோரைக் கேட்காமல் மிட்டாய் கொடுப்பது, போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடுவது எதுவும் கூடாது. ஒரு குழந்தையோடு தனியாக அறையில் இருக்கக் கூடாது. சபையில் பாதுகாப்புப் பயிற்சி வகுப்பு நடத்துவார்கள், இருவரும் உட்கார்ந்து முழுதும் கேளுங்கள், புரியாததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம்மைச் சந்தேகப்படுகிறார்களே என்று வருத்தப்பட வேண்டாம், போதகருக்கும் அதே விதிதான்.

டிசம்பரில் பிற்பகல் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். அந்த இருட்டு, குளிரைவிட அதிகமாக மனதை அழுத்தும். பகலில் வெளிச்சம் இருக்கும்போதே ஒரு நடை போய்விடுங்கள். வைட்டமின் டி தினமும் 10 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நம் நிறத்தவருக்கு ஆண்டு முழுவதும் அது தேவை. வீட்டுக்குப் போன் செய்ய, குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் வித்தியாசம். பேரப்பிள்ளைகள் பள்ளி விட்டு வரும்போது அங்கே காலை, அந்த நேரத்தைக் காலி வைத்துக்கொள்ளுங்கள்.

கணவனும் மனைவியும் நாள் முழுவதும் ஒரே சிறு வீட்டில், ஒரே வேலையில் இருப்பது புது அனுபவம். முப்பது வருடம் ஷிப்டுக்குப் போய் வந்தவருக்கும் அவரில்லாத பகல்களுக்குப் பழகியவளுக்கும் உரசல் வரும். வாரத்தில் ஒருநாள் ஓய்வைக் கேட்டு வாங்குங்கள், அதில் சில மணி நேரம் அவரவர் தனியாக இருங்கள். சமையலைப் பங்கு போடுங்கள். வீட்டுக்கான சாமான் எங்கள் இருவருக்கும் வாரம் அறுபது எழுபது பவுண்டில் முடிந்தது.

இன்னொன்றையும் கிளம்புமுன் பேசிவிட வேண்டும். ஊரில் யாராவது இறந்தால் யார் போவது? எந்த உறவுக்குப் போவது, எந்த உறவுக்குப் போன் போதும்? வயதான அம்மா, படுக்கையில் இருக்கும் அண்ணன் என்று நம் வயதில் எல்லோருக்கும் இருப்பார்கள். விசா காலத்துக்குள் போய்த் திரும்பி வரலாம், தடையில்லை. இரண்டு பேருக்கான அவசர டிக்கெட் பணத்தை வைப்புநிதியில் தொடாமல் வையுங்கள். எங்களுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது. நல்லவேளை, தயாராக இருந்தது.

10. திரும்பும்போது

விசா முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே கிளம்புங்கள், ஒருநாள்கூட மீறக் கூடாது. மீறினால் அடுத்தமுறை மகன் மகள் வீட்டுக்குப் போகும் விசாவுக்கும் இடைஞ்சல். மின்சார, எரிவாயு மீட்டர் அளவைப் போட்டோ எடுத்து வையுங்கள், பில் பின்னால் வந்தாலும் சண்டை இருக்காது. குடும்ப மருத்துவரிடம் ஓராண்டு மருத்துவச் சுருக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், இங்கே உங்கள் டாக்டருக்கு உதவும். அங்குள்ள வங்கிக் கணக்கை, கடைசி பில் கட்டிய பிறகே மூடுங்கள். சென்னையில் இறங்கிய வாரத்திலேயே கேஸ் இணைப்பு, ரேஷன் அட்டை, பென்ஷன் வங்கி மூன்றையும் நேரில் பாருங்கள்.